முத்தாரம் போன வழி

முன்னொரு காலத்தில் பூங்குளத்தூர் என்ற நாட்டை மாவிளங்கன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். பொழுது விடியும் முன்பே எழுந்துவிடுவான். எழுந்ததும் போய் நிற்கிற இடம் கோழிக்கூடம். வெள்ளை உடம்பும் கறுப்புக் கொண்டையுமாக நாற்பது கோழிகள் அங்கே இருந்தன. அந்த இனத்தை அரண்மனை தவிர வேறு யாரும் வளர்க்கக் கூடாது. நாற்பதிலும் அவன் உயிரை வைத்திருந்தது முத்தாரம் என்ற பெட்டை மேல். அதற்கு வெள்ளிக் கூண்டு, பாலில் ஊறிய கம்பு.

அந்த முத்தாரம் பதினெட்டு நாளாகக் காணவில்லை. தண்டோரா போட்டார்கள், காடு மேடெல்லாம் தேடினார்கள். கடைசியில் அரண்மனை மதிலை ஒட்டிய சந்தில், காத்தாயி என்ற கூடை முடைகிறவளின் கொல்லையில் அகப்பட்டது. கோழியைத் தூக்கி வந்தார்கள். அவளையும் கட்டிச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

“அரண்மனைக் கோழி எவர் கொல்லையில் இருந்ததோ அவர் கையை வெட்டி எடுக்க வேண்டும் என்பது சட்டம். எழுதியவர் நம் மந்திரியார்தான்” என்றார் கோழிக்கூடத்து அதிகாரி விருத்தகிரி. மந்திரி பதவி மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

மந்திரி ஏகாம்பரர் தலை நிமிரவில்லை. ஆமாம், அவர் எழுதியதுதான். ராஜா கேட்டான், எழுதிக் கொடுத்தார். யார் சிக்கப் போகிறார்கள் என்று அன்றைக்கு நினைத்தாரா, அல்லது நினைக்கவே இல்லையா? ஐம்பத்தைந்து வயதில் அது கூட அவருக்கு ஞாபகம் வரவில்லை.

அவர் காத்தாயியின் அருகே போனார். “என்னம்மா சொல்கிறாய்?”

“முட்டை ஆறிடுமுங்க சாமி. பழந்துணி போட்டு மூடியாவது வைக்கச் சொல்லுங்க.”

தன் கை போவதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏகாம்பரர் ஓர் ஆளை அனுப்பி முட்டைகளை மூடி வைக்கச் சொல்லிவிட்டு ராஜாவின் பக்கம் திரும்பினார்.

“அரசே, இவள் திருடவில்லை.”

“சாட்சி?” என்றான் ராஜா.

“முத்தாரம்.”

சபையில் சிரிப்பு எழுந்தது. விருத்தகிரி உரக்கச் சிரித்தார். “கோழிக்கு என்ன தெரியும் மந்திரியாரே? தீனி கண்ட இடத்துக்குப் போகும். இவள் தானியம் தூவி இழுத்திருக்கிறாள்.”

“நீங்கள் சொல்வதையே வைத்துக்கொள்வோம். கூண்டை அரண்மனை வாசலில் திறப்போம். பாலில் ஊறிய கம்போடு நீங்கள் உள்பக்கம் நின்று கூப்பிடுங்கள். வெளிப்பக்கம் யாரும் ஒரு மணி கூடத் தூவ மாட்டார்கள். தீனிக்குப் போகிற கோழி என்றால் உங்களிடம் வரும்.”

ராஜாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “கோழி அவரிடம் வந்தால் இவள் கையும் போகும், உம் பதவியும் போகும். சரிதானே?”

“சரி அரசே” என்றார் ஏகாம்பரர். அவர் கோழி வளர்த்தவர் இல்லை. அந்தப் பெண் முட்டையைப் பற்றிச் சொன்ன ஒரே வார்த்தையை நம்பித்தான் அவள் கையைப் பணயம் வைத்திருக்கிறார். அதற்கு யார் தனக்கு உரிமை கொடுத்தது என்று அப்போதுதான் யோசித்தார்.

கூண்டு திறந்தது. “பா, பா, பா” என்று விருத்தகிரி குழைந்து கூப்பிட்டார். முத்தாரம் அவர் பக்கம் போனது. நாலு கொத்து கொத்தியது. காத்தாயி கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்தாவது கொத்துக்குக் கோழி குனியவில்லை. உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு திரும்பி, கடகடவென்று வாசலைத் தாண்டி ஓடியது.

ராஜா பின்னால் ஓடினான். சபையும் ஓடியது. சந்துக்குள் நுழைந்து, கொல்லையில் கவிழ்ந்து கிடந்த உடைந்த கூடைக்குள் புகுந்து, அலகால் துணியை இழுத்துத் தள்ளிவிட்டு, ஒன்பது முட்டைகள் மேல் இறகை விரித்து உட்கார்ந்தது முத்தாரம். ராஜா கை நீட்டினான். சுருக்கென்று கொத்தியது.

“தண்டோரா கேட்கவில்லையா உனக்கு?” என்றான் ராஜா, விரலைப் பிடித்துக்கொண்டு.

“கேட்டதுங்க மகாராசா. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மதிலேறி வந்து இங்கேதான் முட்டை வச்சது. அப்புறம் அடைக்கு உட்கார்ந்துட்டது. அடையில இருக்கிறதை எழுப்பக் கூடாதுங்க. இன்னும் மூணு நாள்தானே, குஞ்சோட சேர்த்தே கொண்டாந்து விடலாம்னு இருந்துட்டேன்.”

“என் வெள்ளிக் கூண்டை விட்டு ஏன் வந்தது?”

“அதோட மூக்கைப் பாருங்க.”

மூக்குத் துளையில் புண் ஆறிய தழும்பு. அடைக்கு உட்காரும் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். அதை எழுப்பிவிட மூக்கில் இறகைச் செருகுவார்கள். ராஜா விருத்தகிரியைப் பார்த்தான்.

“தினம் ஒரு முட்டை விருந்தாளிகளுக்குக் காட்ட வேண்டும் என்று தாங்கள்தான்…” என்று இழுத்தார் அவர்.

ராஜா குனிந்து அந்தத் தழும்பை மறுபடி பார்த்தான். பிறகு, “குஞ்சு பொரிக்கும் வரை நீர் இங்கே காவல் இரும். பூனை, காகம் எது வந்தாலும் விரட்டும். காத்தாயி சொல்கிறபடி கேளும்” என்றான். விருத்தகிரி பட்டு வேட்டியை மடித்துக்கொண்டு சாணம் மெழுகிய தரையில் உட்கார்ந்தார்.

“மந்திரியாரே, உமக்கு என்ன வேண்டும்?”

ஏகாம்பரர் வலது கையை நீட்டினார். “தப்புச் செய்த கை ஒன்று உண்டு அரசே. அந்தச் சட்டத்தை எழுதிய கை இதுதான்.”

“நான்தானே கேட்டேன்” என்றான் ராஜா மெதுவாக. “அதே கையால் அதை அடித்துவிட்டு வேறு எழுதும்.”

ஓலையும் எழுத்தாணியும் வந்தன. பழைய வரியைக் குறுக்கே கீறிவிட்டு, ஏகாம்பரர் காத்தாயியைப் பார்த்தார். “நீ சொல்லம்மா, எழுதுகிறேன்.”

“எனக்கு என்னங்க தெரியும்? அடையில இருக்கிறதை எழுப்பாதீங்க. அவ்வளவுதான்.”

அப்படியே எழுதினார். ராஜா முத்திரை வைத்தான்.

மூன்றாம் நாள் எட்டுக் குஞ்சுகள் பொரிந்தன, ஒரு முட்டை மட்டும் கூழ்முட்டையாகப் போனது. ஏகாம்பரர் அதன் பின்னும் பல வருஷம் மந்திரியாக இருந்தார், எத்தனையோ சட்டங்கள் எழுதினார். எழுதிய ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்து, சரிதானா சரிதானா என்று குமைவார். கூடைக்காரி சொல்லி எழுதிய அந்த ஓலையை மட்டும் அவர் மறுபடி பிரித்துப் பார்த்ததே இல்லையாம்.