ருசி பார்ப்பவள் எதற்கு?

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்கு உதறலாகத்தான் இருக்கிறது. ஏழாவதோடு நின்றவள் நான். பெரிய வார்த்தைகள் எனக்குப் பிடிபடாது. ராஜா கதைதானே, தைரியமாகச் சொல்கிறேன்.

ஒரு ராஜாவுக்கு ராஜ்ஜியத்தைச் சீர்திருத்தும் ஆசை வந்தது. இரண்டு நிபுணர்களை வரவழைத்தார். சிற்றம்பலம் வீண் வேலைகளை வெட்டுகிறவர். வேதாசலம் எதையும் அளந்து பிழை கண்டுபிடிக்கிறவர். தனித்தனியாகவே இப்படி என்றால், சேர்ந்தால்? ராஜாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"இருவரும் சேர்ந்து என் சமையற்கட்டில் ஆரம்பியுங்கள்!"

ஒரு மாதம் அங்கேயே உட்கார்ந்து, மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டு, ஆராய்ந்தார்கள். கடைசியில் சபைக்கு வந்தார்கள்.

"ராஜா சாப்பாட்டில் விஷம் இருக்கிறதா என்று ருசி பார்க்கிறாளே செங்கமலம், பன்னிரண்டு வருஷத்தில் அவள் ஒரு பிழைகூடப் பிடித்ததில்லை" என்றார் வேதாசலம்.

"சமையலுக்கு ஒன்றும் சேர்ப்பதில்லை. சோற்றை மட்டும் தின்கிறாள். வீண்!" என்றார் சிற்றம்பலம்.

"பிரமாதம்! நாளையிலிருந்து அவள் வேண்டாம்" என்றார் ராஜா.

கதவோரம் நின்ற செங்கமலம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அரண்மனையில் கூலியாக அளக்கும் படி அரிசியில்தான் அவளுடைய இரண்டு பெண்களும் வளர்ந்தார்கள்.

மந்திரி குழந்தையப்பன் எழுந்தார். "இவ்வளவு நல்ல யோசனைக்கு நாளைவரை காத்திருப்பானேன் மகாராஜா? இன்றைய மதியச் சாப்பாட்டிலேயே தொடங்கலாமே!"

இலை விழுந்தது. ஆவி பறந்தது. ராஜா சோற்றில் கை வைத்தார். கை அப்படியே நின்றது.

"இதை யார் ருசி பார்த்தது?"

"யாருமில்லை மகாராஜா. அந்த வேலையைத்தான் வெட்டியாயிற்றே."

"பசிக்கிறதய்யா!"

"சாப்பிடுங்கள். பன்னிரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்று அளந்தே காட்டிவிட்டார்களே."

ராஜா இலையை நிபுணர்கள் பக்கம் தள்ளினார். "நீங்கள் ஒரு வாய் போடுங்கள், பார்ப்போம்."

"எனக்கு இன்று விரதம்" என்றார் சிற்றம்பலம்.

"காலையிலிருந்தே வயிறு சரியில்லை" என்றார் வேதாசலம்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. செங்கமலம் வந்தாள். ஒவ்வொன்றிலும் கிள்ளி வாயில் போட்டாள். சற்று நேரம் நின்றாள்.

"ரசத்தில் உப்பு ஒரு கல் தூக்கல். மற்றபடி சாப்பிடுங்க சாமி."

ராஜா அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்.

குழந்தையப்பன் கைகூப்பினார். "மகாராஜா, இவர்கள் வழி நல்ல வழிதான். சமையலுக்கு ஒன்றும் சேர்க்காமல் சோற்றை மட்டும் தின்கிறவர்களைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டதே! ஒருவர் இல்லை, இரண்டு பேர்!"

ராஜா சிரித்த சிரிப்பில் ரசம் புரையேறியது. செங்கமலத்துக்குப் படி அரிசி இரட்டிப்பானது. நிபுணர்கள் அன்றே அடுத்த ராஜ்ஜியத்தைச் சீர்திருத்தக் கிளம்பினார்கள்.

எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள். முதலில் பெயரை எழுதித்தான் இருந்தேன். நான் வேலை பார்க்கும் மில் கேன்டீனுக்குத் திங்கட்கிழமை இரண்டு நிபுணர்கள் வருகிறார்கள் என்றார்கள். பெயரை அடித்துவிட்டேன். என் பெயரையும்தான்.