ஊற்றுக்காட்டு அரணை

கதை முடிந்ததும் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆகவே நிதானமாகக் கேளுங்கள்.

கல்வேங்கை மலைச்சரிவில் ஊற்றுக்காடு என்றொரு சின்னஞ்சிறு சோலை. ஓர் ஓரத்தில் நின்று கூப்பிட்டால் மறு ஓரத்தில் கேட்கும். அங்கே ஈரச் சருகுக்கடியில் செம்பு நிற அரணை ஒன்று வாழ்ந்தது. உலகில் வேறெங்கும் அந்த இனம் இல்லை. ஊர்வனவற்றை ஆராய வந்த இந்திராணிக்கு அதைக் காட்டியவள் மாசிலா. மலையூர்க்காரி, சோலைக்குள் இருக்கும் ஊற்றம்மனுக்குப் பூசை செய்பவள். தேனும் கிழங்கும் எடுத்துப் பிழைப்பது அவள் சனம்.

காட்டுவதற்கு முன் மாசிலா ஒரு வாக்குக் கேட்டாள்.

“எடத்தை யாருகிட்டயும் சொல்லக் கூடாது அம்மணி. பக்கத்து மலையில ஆமை இருக்குதுன்னு தெரிஞ்சதும் சாக்கோட வந்து அள்ளிட்டுப் போனாங்க. அப்புறம் சர்க்காரு வந்து காட்டையே பூட்டிடுச்சு.”

“நீங்க சொல்லுன்னு சொல்ற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன், அக்கா” என்றாள் இந்திராணி.

அப்படியே நடந்தாள். அரணையைப் பற்றி எழுதினாள். அதன் இருப்பிடத்தை மட்டும் எழுதவில்லை.

பிறகு அதே சரிவில் கல்குவாரிக்கு ஒருவர் அனுமதி கேட்டார். பாறைக்கு வெடி வைத்தால் ஊற்று வற்றும், சருகு காயும், அரணை அழியும். இடத்தைச் சொல்ல விடும்படி இந்திராணி மலையேறிப் போய் மாசிலாவிடம் கெஞ்சினாள். மாசிலா தலையசைத்து மறுத்துவிட்டாள்.

மறுநாள் கருத்துக்கேட்புக் கூட்டம். மாவட்ட அதிகாரி ரகுநந்தன் ஈரமுள்ள மனிதர்தான்.

“அழியும் நிலையில இருக்கிற இனம்னு சொல்றீங்க. இந்த மலையிலதான் இருக்குன்னு சொல்லுங்கம்மா, குவாரியை இப்பவே நிறுத்தறேன். எங்கே இருக்குன்னே தெரியாத உயிரை நான் எப்படிக் காப்பாத்தறது?”

இந்திராணி கூட்டத்தில் மாசிலாவைத் தேடினாள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்ல முடியாது சார். வாக்குக் கொடுத்திருக்கேன்.”

ரகுநந்தன் பெருமூச்சு விட்டு அடுத்தவரை அழைக்கத் திரும்பினார். அப்போது மாசிலா எழுந்தாள்.

“எங்க ஊற்றுக்காட்டுலதானுங்க இருக்குது. வாங்க, காட்டறேன்.”

குவாரி நின்றது. அரணை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. சோலையைச் சுற்றி வேலி வந்தது. திருடருக்கும் ஊராருக்கும் வெவ்வேறு சட்டம் போட முடியாது என்று ரகுநந்தன் இரு தரப்புக்கும் கதவை அடைத்தார். அடுத்த ஆடியில் மாசிலா வேலிக்கு வெளியே பொங்கல் வைத்தாள். பக்கத்தில் நின்ற இந்திராணியால் நிமிர முடியவில்லை.

“அழுவாத அம்மணி. ஊத்துத் தண்ணி இந்தப் பக்கமும் வருதில்ல” என்றாள் மாசிலா.

வாக்குக்காக ஓர் இனத்தையே பணயம் வைத்தாள் இந்திராணி. அரணைக்காகத் தன் சனத்தின் காட்டை இழந்தாள் மாசிலா. சட்டத்துக்காக அந்தச் சனத்தை வெளியே நிறுத்தினார் ரகுநந்தன். இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: மாசிலா. வாக்கு ஒரு கட்டு. அதை வாங்கியவர்தான் அவிழ்க்க முடியும். அதனால் இந்திராணி மீது பழியில்லை. ஆனால் அவள் மௌனத்துக்கு அரணைதான் விலை கொடுத்திருக்கும். ரகுநந்தன் சட்டப்படி நடந்தார். அதுவரை அரணையை அடிக்காமலும் பிடிக்காமலும் அதனோடு வாழ்ந்தவர்கள் யார் என்று விசாரிக்கவில்லை. தன்னுடையதைக் கொடுத்துக் காத்தவள் மாசிலா ஒருத்திதான். அவளுக்கே ஏன் கதவு அடைபட்டது என்று கேட்டால், அதற்கு என்னிடம் விடை இல்லை.