எசமான் வாயில் வந்த ‘போதும்’

ஜமீன் மாளிகையில் கூரை விசிறியின் கயிற்றை இழுக்கிறவன் கொம்பையா. அவன் ஊருக்குப் போகக் கேட்கும்போதெல்லாம் ஜமீன்தார் ஒரு புது வேட்டியைக் கொடுத்து உட்கார வைத்துவிடுவார். வேட்டி சேரச் சேர அதன் மேல் ஆசை விட்டுப்போனது. பெண்டாட்டி இசக்கியின் நினைப்போ நாளுக்கு நாள் கனத்தது.

கடைசியில் ஜமீன்தார் சிரித்தார்: “உன் காத்து போதும்னு என்னைக்கு நான் சொல்றேனோ, அன்னைக்குப் போடா!”

கொம்பையா மார்கழி வரை பொறுத்திருந்தான். பனி கொட்டிய ஒரு காலையில் கயிற்றை ஆவேசமாக இழுத்தான். போர்வைக்குள் பல் கிடுகிடுக்க ஜமீன்தார் அலறினார்: “ஐயோ, போதும்டா!”

“உத்தரவு எசமான்!” கயிற்றை விட்டவன் ஊரில்தான் நின்றான்.

“எத்தன நாளு இருப்பீய?” என்றாள் இசக்கி.

“நீ போதும்னு சொல்லுத வரைக்கும்.”

அவள் கடைசிவரை சொல்லவேயில்லை.