பெயரில்லாத வாசலுக்கு வந்த பலகை

இந்தக் கதையைச் சத்தம் போடாமல் கேளுங்கள். உள்ளே ஒருத்தி ஒளிந்திருக்கிறாள்.

அவள் பெயர் இசக்கி. கையை ஒடித்த புருஷனுக்குத் தப்பி ஓடி வந்தவள். வந்து சேர்ந்தது சாதாரணமான ஒரு வீடு. வாசலில் பெயர் கிடையாது. அதை நடத்தும் ஸ்டெல்லா, அங்கே அடைக்கலம் வரும் ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்துச் சொல்வாள்: "நீ இங்க இருக்கன்னு இந்த வாசல் யாருக்கும் சொல்லாது."

இசக்கிக்கு அந்த வீட்டுக்கு வழி சொன்னவள் நர்ஸ் செண்பகம். பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும்போது, கட்டை இறுக்குகிற சாக்கில் காதோடு சொன்னாள். இப்போது அந்தக் கட்டைப் பிரிக்கும் நாளும் வந்துவிட்டது.

புருஷன் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். பின்னால் எடுக்கும்போது வண்டி ஒரு பாட்டுப் பாடும். தெருவில் எந்த வண்டி அப்படிப் பாடினாலும் இசக்கி அடுக்களை மூலைக்குள் ஒடுங்கிவிடுவாள்.

நோய்க்காலம் ஓய்ந்த வருஷம், மக்கள் சுகாதாரத்துக்கும் குடும்ப ஆதரவுக்கும் அரசாங்கம் சிறப்பு நிதி கொடுத்தது. அந்த வீட்டுக்கு அரிசியும் பாலும் அதில்தான். செண்பகத்தின் சம்பளமும் அதில்தான். காலையில் ஆஸ்பத்திரியில் காயம் பார்ப்பாள், மாலையில் இந்த வீட்டுக்கு வருவாள். இசக்கியைப் போலவே அங்கே அடைக்கலம் வந்திருந்த நிறைமாதக்காரி ராபியா அவளை நம்பித்தான் இருந்தாள்.

ஒரு நாள் அதிகாரி அருணகிரி, நிதியின் பெயர் எழுதிய தகரப் பலகையோடு ஜீப்பில் வந்து இறங்கினார்.

"நிதி எங்க வேலை செய்யுதோ அங்க இந்தப் பலகை இருக்கணும். பலன் பெற்றவங்க ஒருத்தர் பக்கத்துல இருக்கிற மாதிரி படம் வேணும். பேப்பர்ல வரும். சாயங்காலத்துக்குள்ள போகலைன்னா அடுத்த தவணை வராது."

"பலகையை மாட்டினா இவளுகளை அடிச்சவனுக வாசலுக்கே வந்துருவானுக, சார்" என்றாள் ஸ்டெல்லா.

"எனக்கும் மேல ஆள் இருக்காங்கம்மா. ஊர்ப் பணத்துல நடக்கிறது ஊருக்குத் தெரிய வேண்டாமா?"

"அப்ப பணமே வேண்டாம்."

உள்ளே ராபியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். கதவிடுக்கிலிருந்து இசக்கியின் குரல் வந்தது. "அக்கா, நான் போயிருதேன். பலகையை மாட்டுங்க."

"எங்கடி போவ? உனக்குச் சொன்னதைத்தான ராபியாவுக்கும் சொல்லியிருக்கேன்?"

அப்போது தெருமுனையில் அந்தப் பாட்டுக் கேட்டது.

இசக்கிக்குக் கட்டுக்குள்ளே எலும்பு விண்ணென்று தெறித்தது. பாட்டு நின்றது. வண்டி யாருடையதோ, போய்விட்டது.

பார்த்தால், அருணகிரி பலகையின் எழுத்தை நெஞ்சோடு சேர்த்துத் திருப்பிப் பிடித்திருந்தார்.

"சார், நீங்களே மறைச்சுட்டீங்களே!" என்றாள் ஸ்டெல்லா.

கேட்டவர்களே, பலகையும் ஏற வேண்டும், படமும் போக வேண்டும், கொடுத்த வாக்கும் உடையக் கூடாது. மூவரில் யார் சொன்னது சரி? பலகையை எங்கே மாட்டுவது?

விடை: ஆஸ்பத்திரியில், செண்பகம் கட்டுப்போடும் அறையில். அந்த நிதி அங்கேயும்தான் வேலை செய்கிறது; அடிபட்டவள் முதலில் வந்து நிற்பதும் அங்கேதான். ஆகவே அதிகாரி சொன்னது பலகைக்குச் சரி, ஸ்டெல்லா சொன்னது வாசலுக்குச் சரி. இசக்கி சொன்னதுதான் தப்பு. அவள் எங்கேயும் போக வேண்டியதில்லை, கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும். படத்தில் பலகைக்குக் கீழே, மேசைமேல் கட்டுப் பிரித்த ஒரு கை மட்டும் இருந்தது. பேப்பரை அவள் புருஷனும் ஏதோ டீக்கடையில் புரட்டியிருப்பான். அவனுக்கு அடையாளம் தெரிந்திருக்காது. அவன் கடைசியாகப் பார்த்தபோது அந்தக் கை தொங்கிக்கொண்டிருந்தது.