வெறுங்கூடையும் சமாதான முத்தமும்

அங்கே என்ன குசுகுசு? பேச்சை நிறுத்திவிட்டு இப்படிக் காதைக் கொடுங்கள். ரோமாபுரிச் சக்கரவர்த்திகள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. கடலோரப் பட்டினம் ஒன்றில் கிரிசாந்தன் என்றொரு சாயத்துணி வணிகன் இருந்தான்.

அவன் கிறிஸ்துவை நம்பியவன். அப்போது அவர்களுக்குக் கோயில் ஏது, மணி ஏது? ஞாயிறுதோறும் பொழுது சாயும் வேளையில் அவன் வீட்டுக் கூடத்தில்தான் சபை கூடும். எஜமானும் அடிமையும் ஒரே பாயில் உட்காருவார்கள். எல்லோரும் வந்தபின் சேர்ந்து சாப்பிடுவார்கள். சிறையில் கிடப்பவர்களுக்கு ஒரு பங்கு கூடையில் போகும். கடைசியில் ஒருவருக்கொருவர் சமாதான முத்தம் கொடுத்து, ஜெபம் செய்து, கிறிஸ்துவின் நினைவாக அப்பம் பிட்பார்கள். யாருக்காவது மனத்தாங்கல் இருந்தால், அது தீரும்வரை அப்பத்தைத் தொடக்கூடாது. அது கண்டிப்பான வழக்கம்.

அந்தச் சபையில் ஐரேனி என்றொரு அடிமைப்பெண். பொதுக் குளியல் கூடத்தில் விறகு சுமப்பவள். அவள் கணவன் தர்சோன், சக்கரவர்த்தியின் சிலைக்குத் தூபம் போட மாட்டேன் என்று சொல்லிச் சிறைக்குப் போனவன். அந்தச் சிறையில் சோறு போட மாட்டார்கள், சாமி! ஞாயிற்றுக்கிழமைக் கூடைதான் அவனுக்கு வாரம் முழுக்கச் சாப்பாடு.

கிரிசாந்தன் நல்லவன்தான். ஆனால் பசி தாங்கமாட்டான். வேலை வெட்டி இல்லாத அவன் நண்பர்கள் முன்னதாகவே வந்துவிடுவார்கள். "குழம்பு ஆறிப்போகுதே, ஆரம்பிச்சிடலாமா?" என்பான். அவர்கள் வேண்டாம் என்றா சொல்வார்கள்? ஐரேனி வேலை முடிந்து ஓடி வருவதற்குள் பந்தி முடிந்துவிடும்.

முதல் ஞாயிறு கூடையில் பாதி ரொட்டி இருந்தது. இரண்டாம் ஞாயிறு காய்ந்த ஓரத்துண்டு இருந்தது. மூன்றாம் ஞாயிறு ஒன்றுமே இல்லை. பாவம், அவள் கூடையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள்.

சபையை நடத்தும் மூப்பர் எழுந்தார். "யாருக்காவது யார்மேலாவது மனத்தாங்கல் உண்டா?" என்று வழக்கம்போல் மூன்று முறை கேட்டார். முதல் முறை ஐரேனி தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டாம் முறை உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூன்றாம் முறை எழுந்து நின்றாள்.

"இருக்குங்க ஐயா. இந்த வீட்டுக்காரர் மேலதான்."

"என் வீட்டில் நின்னுக்கிட்டு என்மேலயா?" என்று கிரிசாந்தன் குதித்தான்.

அவள் கூடையை அவன் முன்னால் வைத்தாள். "நீங்க சாப்பிட்டாச்சு. என் வீட்டுக்காரர் சாப்பிடலை. அப்புறம் எந்த வாயால உங்களுக்குச் சமாதான முத்தம் கொடுக்கச் சொல்றீங்க?"

மூப்பர் அப்பத்தைத் துணியால் மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கிரிசாந்தன் கூடையைப் பார்த்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. நேரே அடுக்களைக்குப் போனான். சமையற்காரனைத் தள்ளி நிற்கச் சொல்லித் தானே மாவு பிசைந்தான். வாழ்நாளில் அடுப்பு ஊதாத மனிதன்! ரொட்டி ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் வேகாமல் வந்தது. அதையே கூடையில் வைத்துக்கொண்டு, ஐரேனி வழிகாட்டச் சிறைக்கு நடந்தான்.

தர்சோன் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். ரொட்டியைத் தட்டிப் பார்த்தான். "அடேயப்பா! யார் சுட்டது இதை?"

"நான்தான்" என்றான் கிரிசாந்தன், தரையைப் பார்த்தபடி.

தர்சோன் இருமல் வருமளவுக்குச் சிரித்தான். பிறகு ரொட்டியை நாலாகப் பிட்டான். ஒன்றை மனைவிக்குக் கொடுத்தான். ஒன்றைப் பக்கத்தில் விலங்கு பூட்டிக் கிடந்த திருடனுக்குக் கொடுத்தான். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கிரிசாந்தனிடம் நீட்டினான்.

"எனக்கு வேண்டாம். நான் அப்பவே சாப்பிட்டுட்டேன்."

"எங்களோட சாப்பிடலையே, அண்ணா. நீங்க எடுத்தாத்தான் நாங்க வாயில வைப்போம்."

இரண்டு நாளாகப் பட்டினி கிடந்தவன் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். வயிறு நிறைந்த கிரிசாந்தன் அந்தக் கருகிய துண்டை வாங்கித் தின்றான்; தின்றுகொண்டே அழுதான். ஐரேனி கிட்டே வந்து அவன் கன்னத்தில் சமாதான முத்தம் கொடுத்தாள்.

அவர்கள் திரும்பி வரும்வரை சபை கலையவில்லை. அதன்பின்தான் மூப்பர் துணியை எடுத்து அப்பம் பிட்டார். அடுத்த ஞாயிற்றிலிருந்து, ஐரேனி வாசலில் கால் வைக்கும்வரை அந்த வீட்டில் குழம்புச்சட்டியின் மூடி திறக்கவே இல்லை.

ஆகவே பிள்ளைகளே, பெரியவர்களே: பசித்தவனுக்காகக் காத்திராமல் உண்ணும் பந்தி எவ்வளவு பெரியதானாலும் அது விருந்தாகாது.