மூன்று பேர் அடிக்கும் டைப் மிஷின்

என் மாமனார் வீட்டாரைப் புத்திசாலிகள் என்று சொல்கிறவர்கள் சேந்தன்கோட்டையில் இரண்டே பேர். ஒருவர் என் மாமனார், இன்னொருவர் என் மனைவி. நான் அந்த வீட்டு மாப்பிள்ளை என்பதால் அந்த விஷயத்தில் வாய் திறப்பதில்லை. ஆனால் 'ஆவுடையப்பன் சகோதரர்கள், ஆபீஸ் மிஷின் வியாபாரம்' என்ற கடை எப்படித் தோன்றியது என்று எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. "உள்ளதை உள்ளபடி எழுதுங்க மாப்ளே" என்று மாமனார் சொல்லிவிட்டார். சொன்னதைச் சொன்னபடி செய்வது அந்த வீட்டுப் பழக்கம். எனக்கும் தொற்றிவிட்டது.

அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவர் ஆவுடையப்பன், என் மாமனார். நடுவுள்ளவர் குற்றாலிங்கம். கடைசி பிறவிப்பெருமாள். இவர் பத்தாம் வகுப்பை மூன்று தடவை படித்தவர், ஆகவே வீட்டிலேயே அதிகம் படித்தவர். மூவரும் சேர்ந்து வெல்ல மண்டி நடத்திவந்தார்கள்.

குற்றாலிங்கத்துக்கு முப்பத்திரண்டு வயதாகியும் கல்யாணம் கூடிவரவில்லை. கடைசியில் உலகம்மை என்ற பெண்ணைப் போய்ப் பார்த்தார்கள். அவளுக்கு இவரைப் பிடித்துவிட்டது. இவருக்கோ அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. குறுக்கே நின்றவர் பெண்ணின் அப்பா சிவசைலம் பிள்ளை. தாலுகா ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் குழம்பு ருசி பார்க்கக்கூட வாய்மொழியாகக் கேட்டால் மாட்டார், எழுத்தில் மனு கொடுக்க வேண்டும் என்று ஊரில் பேச்சு.

"எறும்பு மொய்க்குத தொழில் செய்யுதவனுக்கு என் பொண்ணைக் குடுக்க மாட்டேன்," என்றார் அவர். "ஆபீஸோட சம்பந்தப்பட்ட தொழிலா ஒண்ணு ஆரம்பிங்க. தை முடியதுக்குள்ள ஆரம்பிச்சா உலகம்மை உங்க வீட்டுக்கு. இல்லேன்னா ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு."

அன்றைக்கே மண்டியில் வெல்ல மூட்டைகள் மேல் உட்கார்ந்து ஆலோசனை நடந்தது.

"ஆபீஸ்ல என்னெல்லாம்டே இருக்கும்?" என்று கேட்டார் மூத்தவர்.

"நாற்காலி இருக்கும் அண்ணாச்சி. நாற்காலியில ஆள் இருக்கும்," என்றார் பிறவிப்பெருமாள்.

"ஆளை விக்க முடியாது. வேற?"

"டக்கு டக்குன்னு ஒரு மிஷின் சத்தம் போடும். அதை விக்கலாம்."

"அது கடிக்குமா?" என்று கேட்டார் குற்றாலிங்கம்.

"கல்யாணத்துக்கு நிக்கவன் இதுக்கெல்லாம் பயப்படலாமாடே?" என்றார் மூத்தவர். அதோடு முடிவாகிவிட்டது.

மெட்ராஸில் ஒரு டைப்ரைட்டர் கம்பெனிக்குக் கடிதம் போட்டார்கள். பதினைந்து நாளில் வரதன் என்ற கம்பெனி ஆள், ஒரு தமிழ் டைப்ரைட்டரோடு ரயிலில் வந்து இறங்கினார். இரண்டு மாதத்துக்குள் நாலு மிஷினுக்கு ஆர்டர் பிடித்தால் ஜில்லா முழுதுக்கும் ஏஜென்சி, இல்லாவிட்டால் மாதிரிக்குக் கொடுத்த மிஷினையும் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்றார். ஏஜென்சி போனால் தொழில் போச்சு, தொழில் போனால் உலகம்மை போச்சு. குற்றாலிங்கம் இதை விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார்.

போகும்போது வரதன் இரண்டு விஷயம் சொன்னார். "மிஷின்ல தூசியே படக்கூடாது சார், மூடியே வையுங்க. அப்புறம், எங்கேயாவது கோளாறு தெரிஞ்சா நீங்களே சரி பண்ணிடுங்க. சின்ன விஷயத்துக்கெல்லாம் மெட்ராஸுக்கு எழுதாதீங்க."

மூடியே வைத்தார்கள். மேஜையின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி எறும்புக்கும் வழி அடைத்தார்கள். மிஷின் மேல் ஜமுக்காளம், ஜமுக்காளத்தின் மேல் வேட்டி. முதல் வாரம் பஞ்சாயத்து யூனியன் குமாஸ்தா ஒருவர் வந்து, "மிஷினைக் காட்டுங்க" என்றார்.

"இந்தா இருக்குல்லா," என்று ஜமுக்காளத்தைக் காட்டினார் மூத்தவர்.

"ஜமுக்காளத்தை எடுங்க."

"எடுத்தா தூசி பட்டிரும். வேணும்னா நீங்க உள்ள போய்ப் பாருங்க."

குமாஸ்தா கையில் ஒரு டார்ச் விளக்கைக் கொடுத்து, தலையை ஜமுக்காளத்துக்குள் விட்டு, வெளியே சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் பதினோரு தும்மலோடு வெளியே வந்து, சொல்லாமல் கொள்ளாமல் போனார். இப்படி ஒன்பது பேர் வந்தார்கள், ஒன்பது பேரும் தும்மிக்கொண்டே போனார்கள். ஒரு ஆர்டரும் விழவில்லை.

அப்போதுதான் பிறவிப்பெருமாள், நாமாவது மிஷினை ஒருமுறை முழுசாகப் பார்ப்போம் என்று ஜன்னல் கதவையெல்லாம் சாத்திவிட்டு ஜமுக்காளத்தை எடுத்தார். பார்த்தவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, மோசம் போயிட்டோம். 'அ'னாவை எங்கயோ கொண்டு வச்சிருக்கான். பக்கத்துல 'ஆ'வன்னா இல்லை. 'க'னாவுக்கும் 'ங'னாவுக்கும் நடுவுல ஊரே குடியிருக்கு. நான் மூணு வருசம் பத்தாப்பு படிச்சவன், இப்படி ஒரு வரிசையை எந்தப் பாடத்துலயும் பாத்ததில்லை."

"கம்பெனியில மாட்டுத ஆளு எழுதப் படிக்கத் தெரியாதவன் போலருக்கு," என்றார் மூத்தவர். "பாவம், அவனும் பிள்ளகுட்டிக்காரனா இருப்பான். கோளாறு தெரிஞ்சா நீங்களே சரி பண்ணுங்கன்னு வரதன் சொன்னாருல்லா? சரி பண்ணிருவோம்."

மூன்று நாள் வேலை. குறடு வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பிடுங்கினார்கள். 'அ' முதல் வரிசையாக மாட்டினார்கள். எந்த வரிசையிலும் சேராத கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் அடி வரிசையில் கொண்டுபோய் வைத்தார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மூத்தவர் சூடம் காட்டினார். குற்றாலிங்கம் சாமி கும்பிட்டுவிட்டு 'அ'வை அமுக்கினார். காகிதத்தில் 'ழ' விழுந்தது.

எழுத்தின் தொப்பியைத்தான் இவர்கள் இடம் மாற்றியிருந்தார்கள். உள்ளே போய் அடிக்கிற கம்பிகள் பழைய இடத்திலேயே இருந்தன. இது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியவில்லை.

"மிஷினுக்கு இன்னும் பழக்கம் வரலை," என்றார் மூத்தவர்.

"பழைய மாதிரியே மாட்டிருவமா?" என்றார் குற்றாலிங்கம்.

"எது எங்க இருந்துச்சுன்னு யாரு எழுதி வச்சா?"

யாரும் எழுதி வைக்கவில்லை. கடைசியில் பிறவிப்பெருமாள் ஒரு நோட்டு வாங்கி, எதை அமுக்கினால் எது விழுகிறது என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து எழுதினார். 'த' வேண்டுமென்றால் 'ஞ'வை அமுக்கு, 'ம' வேண்டுமென்றால் 'ஓ'வை அமுக்கு என்று ஆறு பக்கம் வந்தது. ஒரே ஆளால் அடிக்க வேண்டிய காகிதத்தையும் நோட்டையும் மிஷினையும் பார்க்க முடியாது. ஆகவே மூத்தவர் எழுத்தை வாசிப்பது, இளையவர் நோட்டில் தேடிச் சொல்வது, நடுவுள்ளவர் அமுக்குவது என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்.

தை மாதம் வந்தது, சிவசைலம் பிள்ளையும் வந்தார். கூடவே உலகம்மையும் வந்திருந்தாள். வாசலில் மாட்டியிருந்த கடைப் போர்டைப் பார்த்துத் தலையாட்டியவர், "போர்டு யாரும் மாட்டலாம். லக்னப் பத்திரிகையை இந்த மிஷின்லயே, என் கண்ணு முன்னால அடிச்சுக் குடுங்க. சரியா வந்தாத்தான் சம்பந்தம்," என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தலைப்பு சிவமயம். முதல்ல 'ச'!" என்று கூவினார் மூத்தவர்.

பிறவிப்பெருமாள் எச்சில் தொட்டு நோட்டைப் புரட்டினார். "'ச' இருக்கு அண்ணாச்சி. நாலாம் பக்கம். 'ங'வை அமுக்கணும். அது இல்லை... அடுத்த வரி. 'ஒ'வை அமுக்கு."

குற்றாலிங்கம் அமுக்கினார். நடுவில் உலகம்மை தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றதில் அவர் கை ஒரு கால் மணி நேரம் வேலை செய்யவில்லை. காலை பத்து மணிக்கு ஆரம்பித்த பத்திரிகை, மத்தியானம் இரண்டேகாலுக்கு முடிந்தது. பதினெட்டு வரி. ஒரு பிழை இல்லை. மூன்று பேரும் வேர்த்து விறுவிறுத்து நின்றார்கள்.

சிவசைலம் பிள்ளை எழுந்தார். அவர் கண் நிறைந்திருந்தது.

"முப்பத்தாறு வருசம் சர்க்கார் வேலை பாத்திருக்கேன்," என்றார். "ஒருத்தன் வாசிக்கான், ஒருத்தன் பதிவேட்டைப் பாக்கான், ஒருத்தன் நிறைவேத்துதான். இதுதான்டே ஆபீஸு! ஒரே ஆளு உக்காந்து சடசடன்னு அடிச்சுத் தள்ளுததெல்லாம் ஒரு மிஷினா? அதுல யாருக்கு என்ன பிரயோசனம்?"

அத்தோடு விடவில்லை. நேரே தாம் வேலை பார்த்த தாலுகா ஆபீஸுக்குப் போய், ஒரு மிஷினுக்கு மூன்று உத்தியோகம் கேட்க வழியிருக்கிறது என்று காதில் போட்டார். மறு வாரமே நாலு மிஷினுக்கு ஆர்டர் வந்தது. 'மாதிரியில் கண்டபடி, மூவர் இயக்கும் வகை மட்டும்' என்று ஆர்டரில் அடிக்கோடு போட்டிருந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, கெடு முடிந்ததென்று வரதன் வந்து சேர்ந்தார். மிஷினைப் பார்த்தார். "ஐயோ!" என்று தலையில் அடித்துக்கொண்டு, பையிலிருந்த குறட்டை எடுத்து ஒரு மணி நேரத்தில் எல்லா எழுத்தையும் பழைய இடத்தில் மாட்டினார். ஒரு காகிதத்தைச் செருகி ஐந்து நிமிஷத்தில் ஒரு பக்கம் அடித்தும் காட்டினார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் சிவசைலம் பிள்ளை.

"அப்பம் ஒரு ஆளு போதுமா?" என்றார் அவர் மெதுவாக. "மூணு பேருல ரெண்டு பேருக்கு வேலை போச்சு. சீனியாரிட்டிப்படி மிச்ச வேலை மூத்தவருக்கு, அப்பம் அந்த ரெண்டு பேருல மாப்பிள்ளையும் ஒருத்தர். வேலை இல்லாதவனுக்கு எப்படி ஐயா பொண்ணு குடுக்கது? பந்தக்காலைப் பிடுங்கச் சொல்லுங்க."

குற்றாலிங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்து, "உலகம்மை, உலகம்மை" என்று வாய்விட்டு அழுதார். அந்த அழுகையை இன்று சொன்னாலும் என் மாமனார் துண்டைத் தேடுவார். அவரும் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். பிறவிப்பெருமாள் நோட்டை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார்.

வரதனுக்கு ஒன்றும் புரியவில்லை. மேஜை மேலிருந்த ஆர்டரை எடுத்து வாசித்தார். நாலு மிஷின். 'மூவர் இயக்கும் வகை மட்டும்.' இரண்டாம் தடவையும் வாசித்தார். பிறகு குறட்டைக் கையில் எடுத்து, "தம்பி, அந்த நோட்டைக் குடுங்க" என்றார். எழுத்துகளெல்லாம் மறுபடியும் 'அ' முதல் வரிசையாக உட்கார்ந்தன. ஏஜென்சியும் கைக்கு வந்தது.

சிவசைலம் பிள்ளை இறங்கிவந்தார், ஒரு நிபந்தனையோடு. "மிஷின் மட்டும் இல்லை. இனிமே நீங்க செய்யுத எந்த வேலையா இருந்தாலும் ஒருத்தர் வாசிக்கணும், ஒருத்தர் நோட்டைப் பாக்கணும், அப்புறம்தான் நிறைவேத்தணும். சம்மதமா மாப்ளே?"

"சத்தியமா மாமா," என்றார் குற்றாலிங்கம்.

மறுநாள் முகூர்த்தம். ஐயர் தாலியை எடுத்துக் குற்றாலிங்கம் கையில் கொடுத்து, "கெட்டிமேளம்!" என்றார். மேளம் முழங்கியது. மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

"கட்டும் ஓய்," என்றார் ஐயர்.

"அண்ணாச்சி வாசிக்கட்டும்," என்றார் மாப்பிள்ளை.

மூத்தவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மணவறைக்கு வந்து, "தாலி கட்டு!" என்று வாசித்தார்.

பிறவிப்பெருமாள் நோட்டைப் புரட்டினார். முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவை, கடைசியிலிருந்து முதல்வரை ஒரு தடவை. "தாலின்னு இதுல இல்லையே அண்ணாச்சி. எழுத்து எழுத்தாத்தான் இருக்கு. 'த'வுக்கு 'ஞ'வை அமுக்கணும்."

"எங்கடே அமுக்க?" என்று தாலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் குற்றாலிங்கம்.

நாகசுரக்காரர் கண் பிதுங்கியது. தவில்காரர் கை ஓய்ந்து, அவர் தம்பி வந்து வாங்கி அடித்தார். "முகூர்த்தம் இன்னும் ரெண்டு நிமிஷம்தான்!" என்று கத்தினார் ஐயர். கட்டினால் மாமனாருக்குக் கொடுத்த சத்தியம் போகும், கட்டாவிட்டால் பெண் போவாள். பிறவிப்பெருமாள் மூன்றாம் தடவை புரட்டத் தொடங்கினார்.

உலகம்மை நிமிர்ந்து பார்த்தாள். "இங்க குடுங்க" என்று தாலியை வாங்கினாள். "குனியுங்க" என்றாள். சொன்னதைச் சொன்னபடி கேட்கிறவர் அல்லவா, குனிந்தார். அவர் கழுத்தில் மூன்று முடிச்சும் அவளே போட்டாள்.

அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் சிவசைலம் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வாசிச்சது ஒருத்தர், பாத்தது ஒருத்தர், நிறைவேத்தினது ஒருத்தி. மூணு பேர் சரி. நேரமும் சரி. போடுங்கய்யா அட்சதையை!"

சாப்பாடு முடிந்தது. வில்வண்டி வாசலில் வந்து நின்றது. குற்றாலிங்கம் கழுத்தில் தாலியோடு அண்ணன் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, இப்பம் நான் யாரு வீட்டுக்குப் போகணும்?"

மூன்று பேரும் தனியாகப் போய் ரொம்ப நேரம் பேசினார்கள். திரும்பி வரும்போது மூத்தவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"தாலி கட்டினவங்க வீட்டுக்குத்தான்டே போகணும். அதுதான் உலக வழக்கம். அழாமப் போ. புகுந்த வீட்டுல நம்ம மண்டிக்குக் கெட்ட பேரு வராம நடந்துக்கோ."