தூக்கணாங்குருவிக் கூட்டுக்கு வாசல் கீழே வந்த கதை

அந்தக் காலத்தில் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் பேச்சு இருந்தது. பேச்சு இருந்ததால் சண்டை இருந்தது, சமாதானம் இருந்தது, ஞாயிற்றுக்கிழமைப் பூசையும் இருந்தது. செம்மணல் மேடான தேரிக்காட்டு ஓரத்தில், பனைகளுக்கு நடுவே, ஓலை வேய்ந்த சின்னக் கோயில் ஒன்று நின்றது. மனிதர்கள் உள்ளே உட்கார்ந்து பூசை கண்டார்கள். மற்றவர்கள் சுவரிலும் கூரையிலும் முற்றத்திலும் இருந்து கண்டார்கள். ஆட்டுக்கு மட்டும் கூரைப் பக்கம் போக அனுமதி இல்லை. ஒருமுறை பிரசங்கம் கொஞ்சம் நீண்டுவிட்டது. பூசை முடிந்து பார்த்தால் கூரையில் ஒரு மூலையைக் காணவில்லை.

ஈஸ்டர் வந்துவிட்டால் ஒவ்வொரு குடும்பமும் தன் கையால் ஏதாவது செய்து கொண்டுவர வேண்டும். கை இல்லாதவர்கள் அலகால் செய்யலாம். பாஸ்கா மெழுகுதிரிக்குத் தேனீக்கள் மெழுகு கொடுத்தன. குளவி களிமண்ணைக் குழைத்து அகல் செய்தது. கோழி முட்டை கொடுத்தது. கொடுத்ததை ஊர் முழுக்கச் சொல்லவும் செய்தது. பெரிய வியாழன் இரவிலிருந்து கோயில் மணி அடிக்கக் கூடாது என்பதால், அது மறுபடி ஒலிக்கும் வரை மரங்கொத்திதான் பட்ட மரத்தைத் தட்டி ஊரைச் செபத்துக்குக் கூப்பிடும்.

கோயில் வாசலுக்குத் தோரணம் கட்டுவது தூக்கணாங்குருவிகளின் பங்கு. குருத்தோலை ஞாயிற்றுக்கு வெட்டி மீந்த பனங்குருத்தை மெல்லிசாகக் கிழித்து, பூவும் நட்சத்திரமும் சிலுவையுமாக முடைந்து கோப்பார்கள். ஈஸ்டர் விடியலில் உயிர்த்த ஆண்டவரின் சுரூபம் அந்தத் தோரணத்துக்குக் கீழேதான் வெளியே வரும். கோயிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் வியாகுலம் இதற்கு ஒரே ஒரு விதி வைத்திருந்தார்.

"வீட்டுல எத்தன பேர் உண்டோ அத்தன பேரும் ஆளுக்கொண்ணு முடையணும். ஒருத்தரே எல்லாத்தையும் செஞ்சா அது வெறும் தோரணம். எல்லாரும் செஞ்சாத்தான் காணிக்க" என்பார்.

அந்த வருடம் தோரணம் கட்டும் முறை தொம்மையின் குடும்பத்துக்கு வந்தது. தொம்மையைப் போல முடைய அந்தப் பனங்காட்டில் ஆள் இல்லை. அது அவனுக்கும் தெரியும், நன்றாகவே தெரியும். அவன் பெண்டாட்டி பிரகாசியும் முடைவாள். அப்போதெல்லாம் தூக்கணாங்குருவிகளில் ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் கூடு கட்டும். கூட்டுக்கு வாசலும் மற்றக் குருவிகளின் கூட்டைப் போல மேலேதான் இருக்கும்.

அந்த மேல்வாசல் கூடுதான் போன ஐப்பசியில் அடித்த காற்றில் கவிழ்ந்தது. மூத்தவன் சிலுவைக்கும் அவன் தங்கை அமலிக்கும் சிறகு முளைத்திருந்தது, பறந்து தப்பினார்கள். கண் திறக்காத கடைக்குட்டி கீழே விழுந்து செத்துப்போனான். அவனுக்கு இன்னும் பெயர்கூட வைத்திருக்கவில்லை. கூடு இருந்த பனையடியில் செம்மண்ணைக் கிளறி அவனை மூடினார்கள். மூடி முடித்ததும் தொம்மை சொன்னான்:

"போனது போச்சு. இனிமே வீட்டுல இதப் பத்தி யாரும் பேசக் கூடாது."

அவனைக் கல்நெஞ்சன் என்று நினைத்துவிட வேண்டாம். பேச்சு எடுத்தால் தான் உடைந்துபோவோம் என்ற பயத்தில் சொன்னான். ஆனால் பயத்தில் சொன்னாலும் கேட்டவர்களுக்கு அது கட்டளையாகத்தான் கேட்டது. அன்றிலிருந்து யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிரகாசி பிள்ளையைப் பற்றிப் பேசாததோடு, ஓர் ஓலை நாரைக்கூட அலகில் எடுக்கவில்லை. உடைந்த கூட்டைத் தொம்மை ஒற்றை ஆளாகத் திரும்பக் கட்டினான்.

ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை காலையில், கோயில் முற்றத்தில் அவர்கள் கூடு இருந்த பனையில் குடும்பமே உட்கார்ந்தது. மூத்தவன் சிலுவை ஒரு பூவை ஆரம்பித்தான், அது மீனாகிவிட்டது. அமலி முடைந்த சிலுவைக்கு ஒரு கை நீளம், ஒரு கை கட்டை. யாரும் கூப்பிடாமலே பிரகாசி வந்து உட்கார்ந்து ஒரு குருத்தை எடுத்தாள். ஐந்து மாதம் கழித்து அவள் அலகில் நாரைப் பார்த்ததும் தொம்மை தன் குருத்தை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். ஏதாவது சொன்னால் நிறுத்திவிடுவாளோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் தன் பங்குக்கு ஒரு பூவை முடைந்து வைத்தாள். பிறகு இன்னொன்று முடைந்தாள். அதற்குத்தான் நேரம் எடுத்தது. எலுமிச்சம்பழ அளவில், ஒரு பக்கம் புடைத்து, ஒரு பக்கம் ஒடுங்கி, வாசல் கீழே பார்க்கிற மாதிரி ஏதோ ஒன்று. வெள்ளைக் குருத்துக்கு நடுவே ஒரே ஒரு காய்ந்த பழுப்பு நாரையும் வைத்துப் பின்னியிருந்தாள். முடித்ததும் மற்றவற்றோடு வைத்துவிட்டு, "நாளைக்குத் தின பெறக்கிட்டு வந்துருதோம்" என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தினைக் கொல்லைக்குப் பறந்தாள். கோத்துக் கட்டுகிற வேலை தொம்மைக்கு.

தொம்மைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அடுத்தவர் முடைந்ததில் பிசிறு தெரிந்தால் அவன் அலகு சும்மா இருக்காது. முதலில் மகன் சிலுவையின் மீனைப் பிரித்துப் பூவாக்கினான். அமலி முடைந்த சிலுவைக்கு இரண்டு கையையும் சமமாக்கினான். பிறகு பிரகாசி கடைசியாக முடைந்தது அவன் கண்ணில் பட்டது.

பாவம், பழக்கம் விட்டுப்போச்சு என்று நினைத்தான். வாசலைக் கொண்டுபோய்க் கீழே வைத்திருக்கிறாள். நாளைக்கு ஊரே வந்து பார்க்கும், நாலு பேர் சிரித்தால் தாங்குவாளா? இத்தனை நாள் கழித்து அலகைத் திறந்தவள், அதோடு மூடிக்கொண்டால் என்ன செய்வது? இப்படியெல்லாம் யோசித்துத்தான் பிரிக்க ஆரம்பித்தான். பிரியத்தில்தான் செய்தான் என்று அவனுக்காக நானே சாட்சி சொல்வேன்.

அது லேசில் பிரியவில்லை. ஒவ்வொரு முடிச்சும் அவ்வளவு இறுக்கமாக இருந்தது. அவன் வாழ்நாளில் அப்படி ஒரு முடிச்சைப் பார்த்ததில்லை. அங்கேயே நிறுத்தி, அடி ஆத்தே, இவள் எதற்கு இதை இப்படி இறுக்கியிருக்கிறாள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். தொம்மை யோசிக்கவில்லை. காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அலகால் இழுத்து இழுத்துக் கடைசிவரை பிரித்துவிட்டான். பழுப்பு நார் அழுக்காக இருக்கிறது என்று கீழே போட்டான். கீழே நின்ற ஆடு, "பழசால்லா இருக்கு" என்று குறை சொல்லிக்கொண்டே அதை மென்று தின்றது. மிஞ்சிய குருத்தில் எட்டு முனை நட்சத்திரம் ஒன்றை முடைந்து, தோரணத்தின் நடுவில் கோத்தான்.

விடிந்தது. மணி அடித்தது. தவக்காலம் முழுக்கச் சொல்லாமல் அடக்கி வைத்த அல்லேலூயாவை மனிதர்கள் பாட, கூரையில் இருந்தவர்களும் சேர்ந்து பாடினார்கள். அகல்கள் எரிந்தன. தோரணத்தைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. "தொம்மை கையா, கேக்கணுமா" என்று மைனா சொன்னது அவன் காதில் விழுந்தது. அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

பிரகாசி தோரணத்தை இடமிருந்து வலமாகப் பார்த்தாள். பிறகு வலமிருந்து இடமாகப் பார்த்தாள். சுரூபம் வாசலைத் தாண்டி வெளியே வரும் நேரத்தில் மெதுவாகக் கேட்டாள்.

"என்னங்க, நான் கடைசியா செஞ்சது எங்க?"

"அதுவா? கொஞ்சம் கோணிக் கெடந்துச்சு. சரி பண்ணிட்டேன். நடுவுல இருக்கு பாரு, நட்சத்திரம்."

"பிரிச்சிட்டியளா?"

"வாசலக் கீழ வச்சிருந்தியே ஏட்டி. எந்த ஊருல கூட்டுக்கு வாசல் கீழ இருக்கு?"

பிரகாசி அந்த நட்சத்திரத்தைப் பார்த்தாள். பிறகு, "அது அவனுக்குள்ளது" என்றாள்.

"எவனுக்கு?"

அவள் பனையடியைப் பார்த்தாள். அவளோடு தொம்மையும் பார்த்தான். அவன் மறுபடி கேட்க வேண்டியிருக்கவில்லை, அவளே சொன்னாள்.

"ஆளுக்கொண்ணுன்னு உபதேசியார் சொன்னாருல்லா. அவனும் நம்ம வீட்டு ஆளுதான. அவன் பங்க யாரு செய்வா? நான்தான் செஞ்சேன். அவன் மண்ணுக்குள்ள கெடக்கான். ஆண்டவர் எழுப்புத அன்னைக்கு எந்திரிச்சு மேல பாப்பாம்லா. பாத்த ஒடனே அவனுக்கு வாசல் தெரியணும். மேல இருந்தா எப்படித் தெரியும்? கண்ணே தொறக்காத பிள்ள, எங்கன்னு தேடுவான்? அதான் கீழ வச்சேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"பேசக் கூடாதுன்னியளே."

தொம்மை நிமிர்த்திய நெஞ்சை இறக்கிக்கொண்டான்.

"அந்தக் காஞ்ச நாரையாவது வச்சிருக்கியளா?" என்று பிரகாசி கேட்டாள். "அது அவன் படுத்துக் கெடந்த நாரு. கூடு விழுந்த அன்னைக்கு எடுத்து வச்சேன்."

தொம்மை பறந்தான். பனையடியில், முற்றத்தில், சருகுக்குள் எல்லாம் தேடினான். ஆடு வந்து என்னவென்று கேட்டது. சொன்னதும் அதன் முகம் செத்துப்போயிற்று. "எனக்குத் தெரியாதே தொம்ம. நீ போட்ட, நான் தின்னுட்டேன்" என்றது. நாள் முழுக்க அது புல்லைத் தொடவில்லை. ஆடு பட்டினி கிடந்த ஒரே ஈஸ்டர் அதுதான்.

வெறும் அலகோடு திரும்பி வந்தவன், "இன்னொண்ணு செய்யி பிரகாசி. நான் கிட்டக்கூட வரமாட்டேன்" என்று கெஞ்சினான்.

"வராதுங்க. பாத்துப் பாத்தா செஞ்சேன்? அவன நெனச்சிக்கிட்டே இருந்தேன், அதுவா வந்துச்சு. இப்ப கேட்டா எப்படிச் செஞ்சேன்னே எனக்குத் தெரியல."

அவள் கோபித்துக்கொண்டு போகவில்லை. பொறுக்கி வந்த தினையை நாலு பங்காக வைத்து, பிள்ளைகளைத் தின்னச் சொன்னாள். சிலுவை தன் மீனைத் தேடி, அதுவும் பூவாகிப்போனதைக் கண்டு, அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தின்றான். ஊர் முழுக்கத் திருநாள் கொண்டாடியது. அந்தப் பனையில் மட்டும் அவ்வளவு அழகான தோரணம் கட்டியவன் அதை நிமிர்ந்து பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அப்புறம் பிரகாசி ஒரு நாரைக்கூட முடையவில்லை.

அடுத்த மழைக்காலம் நெருங்கியது. அவள் முட்டையிட வேண்டும், கூடு வேண்டும். பழைய மாதிரி மேலே வாசல் வைத்துக் கட்டத் தொம்மைக்கு மனம் வரவில்லை. அவள் செய்தது போலவே கட்டிவிட வேண்டும் என்று நினைத்தான். ஆனால் அது எப்படி இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. அதைப் பிரிக்கத்தான் பார்த்தானே தவிர, ஒருமுறைகூட அதை முழுசாகப் பார்க்கவில்லை. எங்கே புடைத்திருந்தது, எங்கே ஒடுங்கியது, வாசல் எவ்வளவு இறங்கியது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. ஓலை நுனியில் தொங்கவிட்டு, ஞாபகத்தில் இருந்த மட்டும் கட்டினான். பாதி வந்ததும் அலகு நின்றுவிட்டது. இதற்கு மேல் அவளுக்குத்தான் தெரியும்.

"பிரகாசி, ஒருக்கா வந்து பாரேன்" என்று கூப்பிட்டான்.

அவள் வந்தாள். உள்ளே போனாள், சுற்றிப் பார்த்தாள், ஒரு நாரை இழுத்துப் பார்த்தாள். பிறகு பறந்துபோனாள்.

அது இல்லை என்று அவனுக்குப் புரிந்தது. ஆனாலும் அதைப் பிரிக்கவில்லை; இனி எதையும் பிரிப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தான். அப்படியே தொங்கட்டும் என்று விட்டுவிட்டுப் பக்கத்து ஓலையில் இன்னொன்று தொடங்கினான். அதையும் பாதியில் நிறுத்திக் கூப்பிட்டான். அவள் வந்து பார்த்துவிட்டுப் போனாள். இன்னொன்று. அதற்குப் பிறகும் ஒன்று. அந்தப் பனை முழுக்கப் பாதிக் கூடுகள் தொங்கின. காக்கை கேலி செய்தது. தொம்மை காதில் வாங்கவில்லை.

ஏழாவது கூட்டுக்குள் போனவள் வெகு நேரமாகியும் வெளியே வரவில்லை. அப்போது தூறல் விழத் தொடங்கியது. எட்டிப் பார்த்தான். அவள் உள்ளே ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

இதுதானா என்று கேட்க அவனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. மழைக்கு ஒதுங்கியிருக்கிறாளோ, முட்டைக்கு நேரமாகிவிட்டதோ, அவனுக்குத் தெரியவில்லை. கேட்டால் அவள் பொய் சொல்ல மாட்டாள்; அந்தப் பதிலைத் தாங்க அவனிடம் தெம்பு இல்லை. நனைந்துகொண்டே மீதியை முடைந்து முடித்தான். நீளமாக ஒரு குழாயை இறக்கி, வாசலைக் கீழே வைத்தான். பனையடிச் செம்மண்ணுக்கு நேராக இருக்கிறதா என்று பலமுறை பார்த்துக்கொண்டான்.

அன்று தொட்டுத்தான் தூக்கணாங்குருவிகளில் பெண் குருவி கூடு முடைவதில்லை. ஆண் குருவி பாதிக் கூட்டோடு நிறுத்திவிட்டு, அவள் வந்து பார்க்கும் வரை காத்திருக்கிறது; அவளுக்குப் பிடிக்காததைப் பிரிக்காமல் அப்படியே தொங்கவிட்டு, அடுத்ததைத் தொடங்குகிறது. கட்டி முடித்த கூட்டுக்கெல்லாம் வாசல் மண்ணைப் பார்த்தே இருக்கிறது, விழுந்த பிள்ளை எழுந்து வரும்போது வீட்டைத் தேடக் கூடாதே என்று.